கிளினிக் கோட்டிலிருந்து அம்மம்மாவின் கூன் வரை: மனிதர் வளர்வதை எப்படி அறிகிறார்கள்?

"பிள்ளை கோட்டுக்குக் கீழ போயிட்டு." கிளினிக் நாளில், பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் வளைகோட்டு வரைபில் குறித்துவைக்கிற நீலப் புத்தகத்தையோ இளஞ்சிவப்புப் புத்தகத்தையோ கையிடுக்கில் செருகிக்கொண்டு வெளியே வரும் தாய்மார் வாயில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அதே நாள் கைபேசியில் ஒரு செய்தியும் வந்திருக்கும்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இத்தனை வீதத்தினர் உயரக் குறைவு, இத்தனை வீதத்தினர் மெலிவு என்று. வீட்டுக்கு வந்தால் அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே, "நாங்கெல்லாம் பழஞ்சோறு திண்டு வளந்த ஆக்கள், எங்களுக்கு என்ன கோடா கீறினாங்க?" என்பார்.

மூன்றுமே மனிதர் வளர்வதைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் முதலாவது ஒரே பிள்ளையை மாதாமாதம் நிறுத்துப் பார்த்ததில் வந்தது. இரண்டாவது ஆயிரக்கணக்கான வெவ்வேறு பிள்ளைகளை ஒரே தடவை அளந்ததில் வந்தது. மூன்றாவது, இன்னொரு காலத்தில் பிறந்து இன்று வரை உயிரோடு இருக்கிற ஒருவரின் நினைவிலிருந்து வருகிறது. இந்த மூன்றையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கப் போய்த்தான் நாம் குழம்புகிறோம். ஒரு வயதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்காமல் நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

வளர்ச்சி வேறு, விருத்தி வேறு

வளர்ச்சி என்றால் பருமன் கூடுவது. சென்ரிமீற்றரிலும் கிலோவிலும் அளக்கலாம். விருத்தி என்றால் செயல் கூடுவது: கழுத்து நிற்பது, எழும்பி நடப்பது, பொய் சொல்லப் பழகுவது (ஓம், அதுவும் விருத்திதான், மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிந்தால்தான் பொய் சொல்ல முடியும்), கோபத்தை அடக்குவது, கடன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது. இரண்டும் ஒன்றாகவே போகும் என்று இல்லை. நிறை குறைந்த பிள்ளை வாய் ஓயாமல் பேசும், கொழுகொழு என்றிருக்கிற பிள்ளை இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்கும். நம் ஊரில் முதலாவதைக் கண்டு பதறுகிற அளவுக்கு இரண்டாவதைக் கண்டு யாரும் பதறுவதில்லை. பதற வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

வளர்ச்சி இருபது வயதோடு நின்றுவிடுகிறது. விருத்தியும் அதோடு முடிந்தது, மிச்சமெல்லாம் தேய்வுதான் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜேர்மனிய உளவியலாளர் போல் பால்டெஸ். எந்த வயதை எடுத்தாலும் அதில் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு, வயதோடு அந்த விகிதம்தான் மாறுகிறது என்பது அவருடைய வாதம். மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிகிற அறுபது வயதுக்காரரைப் பாருங்கள். வலையை விரிக்கிற தோள் இருபது வயதில் இருந்த தோள் இல்லை, எறிகிற தூரமும் குறைந்துவிட்டது, ஆனால் பக்கத்தில் நிற்கிற மகன் நாலு தரம் எறிகிற நேரத்தில் இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்று ஒரு தரம் எறிவார், மீன் இவர் வலையில்தான் இருக்கும். ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான்: மூளையின் வேகம் முன்னதாகவே இறங்கத் தொடங்குகிறது, சொல்வளமும் சேர்த்துவைத்த அறிவும் அறுபது வரை ஏறிக்கொண்டோ குறையாமலோ நிற்கின்றன.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது

கிளினிக் புத்தகத்தில் இருக்கிற வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவற்றை அடிப்படையாகக் கொண்டவை. அதற்கு முன் உலகம் முழுக்கப் பயன்பட்டது 1977இல் வந்த அமெரிக்க அளவுகோல். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போத்தல்பால் குடித்தவர்கள், அவர்கள் நிறை கூடிய விதமும் தாய்ப்பால் பிள்ளைகளுடைய விதமும் வேறு. அதனால் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த தாய்ப்பால் பிள்ளைகூட அந்தக் கோட்டில் பின்தங்கியதாகத் தெரிந்தது, "பால் போதாது, மா குடுங்க" என்ற ஆலோசனையும் அதன் பின்னால் வந்தது.

ஆகவே 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8500 பிள்ளைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா. தாய் புகைக்காதவர், பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர், குடும்பத்தில் வளர்ச்சியைத் தடுக்கிற வறுமை இல்லை என்று பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தார்கள். டெல்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் சிறு வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி உயர்ந்ததுதான் அதில் கிடைத்த பெரிய செய்தி. அதாவது "எங்கட பரம்பரை கட்டை, அதனால பிள்ளையும் கட்டை" என்ற சமாதானம் தனி ஒரு குடும்பத்துக்குப் பொருந்தலாம். ஒரு பிரதேசம் முழுக்கப் பிள்ளைகள் கட்டையாக இருந்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

இனி அந்தப் புத்தகத்தை வாசிக்கும் விதம்.

1. நடுக்கோடு சித்தியடைவதற்கான புள்ளி இல்லை. அது இடையம், நல்ல சுகத்தோடு வளர்கிற பிள்ளைகளிலேயே பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு வயது ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு 9.6 கிலோ, கவலைக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுவது 7.7 கிலோ. பெண் பிள்ளைக்கு 8.9உம் 7.0உம். இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்.

2. அந்தக் கீழ் எல்லை, நடுக்கோட்டிலிருந்து இரண்டு நியம விலகல் (அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) தள்ளிப் போடப்பட்டது. எந்தக் குறையும் இல்லாத சமூகத்தில்கூட நூற்றுக்கு இரண்டு பிள்ளைகள் அதற்குக் கீழே இருப்பார்கள், அது இயற்கையான பரவல். இலங்கையில் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில் உயரக் குறைவு ஏறக்குறைய 17 வீதம், மெலிவு 15 வீதம், நிறைக் குறைவு 20.5 வீதம். இரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் பிரச்சினையின் அளவு.

3. மூன்று பெயர்களும் மூன்று வெவ்வேறு கதை சொல்கின்றன. வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால் நெடுநாளாக நடந்த குறை. உயரத்துக்கேற்ற நிறை இல்லையென்றால் அண்மையில் நடந்தது: காய்ச்சல், வயிற்றோட்டம், வீட்டில் வருமானம் நின்ற மாதங்கள். வயதுக்கேற்ற நிறை இரண்டையும் கலந்து காட்டுவதால் அதை வைத்து மட்டும் எது என்று சொல்ல முடியாது.

4. ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, புள்ளிகள் போகும் திசைதான் பேச்சு. வரைபின் பச்சைப் பகுதிக்குள்ளேயே (வழமையான அளவுக்குள்) இருக்கிற பிள்ளை மூன்று மாதமாக நிறை கூடாமல் ஒரே மட்டத்தில் நின்றால், கீழே இருந்தாலும் கோட்டுக்குச் சமாந்தரமாக ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையை விட அதைத்தான் கவனிக்க வேண்டும்.

5. இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம் அளப்பார்கள், அதற்குப் பிறகு நிறுத்தி உயரம். படுத்த அளவை விட நின்ற அளவு சுமார் 0.7 சென்ரிமீற்றர் குறைவு. இரண்டு வயது தாண்டிய மாதத்தில் "பிள்ளை வளரவே இல்லையே" என்று தோன்றினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விருத்திக்கும் இதே ஆய்விலிருந்து கால எல்லைகள் வந்தன. பிடிக்காமல் தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது நடந்தாலும் வழமைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததற்காகப் பதினாலு மாதப் பிள்ளையை டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இன்னொன்று, 4.3 வீதமான பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அவர்களும் நடந்தார்கள்.

ஒரே நாளில் பலரையா, பல நாளில் ஒருவரையா

ஆய்வு செய்யும் வழிகளில் அடிப்படையானவை இரண்டு. ஒரே நாளில் 5 வயது, 10 வயது, 40 வயது, 80 வயது ஆக்களை வரிசையாக நிறுத்தி அளந்தால் அது குறுக்குவெட்டு ஆய்வு. ஒரே ஆக்களை 5 வயதில் அளந்து, அவர்களையே 10 வயதில், 40 வயதில் தேடிப் போய் அளந்தால் அது நெடுக்கு ஆய்வு. முதலாவது மலிவு, ஒரு மாதத்தில் முடியும். இரண்டாவதை முடிப்பதற்குள் தொடங்கியவருக்கே ஓய்வூதியம் வந்துவிடும்.

தெரிந்த அளவில் உலகின் முதல் நெடுக்குப் பதிவு ஒரு தகப்பன் செய்தது. பிரான்சில் மொன்பெய்யார் என்ற பிரபு, 1759இல் பிறந்த தன் மகனை 1777 வரை சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதிவைத்தார். ஒரே ஒரு பையன்தான். ஆனால் அந்த வரைபில் பதின்ம வயதுப் பாய்ச்சல் அச்சொட்டாகத் தெரியும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் அளந்த பட்டியல்களில் அந்தப் பாய்ச்சல் மழுங்கிப்போய்த்தான் தெரியும். ஏன்?

மூன்று பெண் பிள்ளைகளை எடுங்கள். மூவரும் சாதாரண வருசத்தில் 5 சென்ரிமீற்றர், பாய்ச்சல் வருசத்தில் 8 சென்ரிமீற்றர் வளர்கிறார்கள். ஒருத்திக்குப் பாய்ச்சல் 11 வயதில், மற்றவளுக்கு 12இல், மூன்றாமவளுக்கு 13இல். இப்போது சராசரியைப் பாருங்கள்: 11 வயதில் 6, 12 வயதில் 6, 13 வயதிலும் 6. படத்தில் பாய்ச்சலே இல்லை, நேர்கோடு. மூவரில் ஒருத்தியும் எந்த ஒரு வருசத்திலும் 6 சென்ரிமீற்றர் வளரவில்லை, ஆனால் சராசரி அப்படித்தான் சொல்கிறது. காலைக் கூட்டத்தில் தரம் 7 வரிசையைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் உயர்ந்தும் பையன்கள் கட்டையாகவும் நிற்பார்கள். பெண்களுக்குப் பாய்ச்சலின் உச்சம் சுமார் 12இல், ஆண்களுக்கு 14இல். அந்த இரண்டு வருச இடைவெளியைத் தெரியாமல் "உன்ர தங்கச்சி உன்னை விட உயர்ந்திட்டாள்" என்று பையனைச் சீண்டுகிற மாமாமாருக்கு நம் ஊரில் குறைவில்லை.

பெரியவர்கள் விசயத்தில் இந்தத் தவறு இன்னும் பெரிதாக நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் பல வயதினருக்கு ஒரே நேரத்தில் நுண்ணறிவுச் சோதனை வைத்து, அறிவு இருபதுகளிலேயே இறங்கத் தொடங்குகிறது என்று முடிவு கட்டினார்கள். உளவியலாளர் வோர்னர் ஷாயி 1956இல் சியாற்றிலில் 500 பேரோடு ஓர் ஆய்வைத் தொடங்கி, ஏழு வருசத்துக்கு ஒரு தடவை அவர்களையே திரும்பச் சோதித்தார். பெரும்பாலான திறன்கள் அறுபது வயது வரையில் பெரிதாக இறங்கவில்லை. அப்படியென்றால் முந்தியவர்கள் கண்டது என்ன? அவர்கள் ஒப்பிட்டது இருபது வயதையும் அறுபது வயதையும் மட்டும் இல்லை. நீண்ட காலம் பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறையையும் ஐந்தாறு வகுப்போடு வேலைக்குப் போன ஒரு தலைமுறையையும் சேர்த்தே ஒப்பிட்டிருக்கிறார்கள். வயதின் குற்றம் என்று எழுதிவைத்ததில் பெரும் பங்கு பிறந்த வருசத்தின் குற்றம்.

வயதா, காலமா, பிறந்த வருசமா

மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு இந்த இடம் மிக எளிதாக விளங்கும். வயது கேட்டால் இங்கே பழைய ஆக்கள் வருசம் சொல்வதில்லை. "சூறாவளி அடிக்கக்குள்ள நான் கைப்பிள்ளை" என்பார்கள். (பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளியவர்கள் இருக்கிற ஊரில், எந்த நிகழ்ச்சியின்போது எத்தனை வயது என்று கேட்டு வயதைக் கணிப்பது கணக்கெடுப்புக்காரரும் பயன்படுத்துகிற முறைதான்.) ஒரே ஒழுங்கையில் பிறந்த நாலு பேரை வைத்துப் பார்ப்போம்.

1. 1977இல் பிறந்தவர்: 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஒரு வயது. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது பதின்மூன்று, பள்ளிக்கூடம் அந்தரத்தில். சுனாமியில் இருபத்தேழு, கையில் சொந்தப் பிள்ளை.

2. 1990இல் பிறந்தவர்: தவழ்ந்ததே இடம்பெயர்ந்த இடத்தில். சுனாமியில் பதினாலு. 2006, 2007இல் வாகரையும் படுவான்கரையும் இடம்பெயர்ந்தபோது சாதாரண தரப் பரீட்சை வயது.

3. 2003இல் பிறந்தவர்: சுனாமி வந்தபோது ஒரு வயது, எதுவும் நினைவில்லை, ஆனால் வீட்டில் இருந்த எல்லோருக்கும் நினைவிருந்தது. யுத்தம் முடிந்தபோது ஆறு. கொரோனாவில் பதினேழு.

4. 2021இல் பிறந்தவர்: சோறும் பருப்பும் ஊட்டத் தொடங்கி ஒரு வயது ஆகிற காலத்தில், 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது.

இந்த நாலு பேருக்கும் ஒரே ஞாபகசக்திச் சோதனை வைத்து, வயது கூடியவர்கள் குறைவாக எடுத்தார்கள் என்று கண்டால் அதற்கு எதைக் காரணமாகச் சொல்வீர்கள்? மூப்பையா, 1990இல் விட்ட பள்ளிக்கூடத்தையா, கைபேசித் திரையில் சோதனை செய்யப் பழகாததையா? மூன்று விளைவுகளுக்கும் தனிப் பெயர் உண்டு. வயது கூடுவதால் யாருக்கும் வருவது வயது விளைவு. விலையேற்றம், தொற்று போல அந்த நேரம் எல்லா வயதினரையும் தாக்குவது கால விளைவு. ஒரே வருசங்களில் பிறந்தவர்கள் கடைசி வரை சுமந்து திரிவது தலைமுறை விளைவு. இதில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. வயது என்பது இந்த வருசத்திலிருந்து பிறந்த வருசத்தைக் கழித்தால் வருவது. இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடும், ஒன்றை மட்டும் அசைத்து மற்ற இரண்டையும் அசையாமல் வைத்துப் பார்க்க வழியில்லை. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இந்த முடிச்சு கணக்கால் மட்டும் அவிழாது, வெளியிலிருந்து வேறு அறிவு வேண்டும்.

இந்த முடிச்சு நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே தாய்வீடு மகளுக்கு என்பது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழக்கம். ஆகவே ஒரே வளவுக்குள் அம்மம்மா (அல்லது உம்மம்மா), அம்மா, மகள் என்று பெண்வழி மூன்று தலைமுறை இருக்கும். மகள் உயரம், அம்மா அவளை விடக் கொஞ்சம் கட்டை, அம்மம்மா இன்னும் கட்டை. அம்மம்மா சுருங்கிவிட்டார் என்று நினைப்போம். ஓரளவு உண்மை, நாற்பதுக்குப் பிறகு பத்து வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறைவதுண்டு, எலும்பு தேய்ந்தால் அதை விடவும் அதிகம். ஆனால் இருபது வயதிலேயே அவர் தன் பேத்தியை விடக் கட்டையாக இருந்திருக்கலாம் என்பது அடுத்த பாதி. பேத்தி உயர்ந்தது பெரும்பாலும் சாப்பாட்டாலும், மலேரியாவும் வயிற்றோட்டமும் குறைந்ததாலும்.

பெரியபிள்ளையாகிற வயதும் இப்படித்தான். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ப்ரொய்லர் கோழி திண்டு வெள்ளன பெரியபிள்ளையாகுதுகள்" என்று சாமத்திய வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 என்று பதிவான வயது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 13 அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில் பெரும் பகுதி ப்ரொய்லர் கோழி என்ற ஒன்று வருவதற்கு முன்னரே நடந்துவிட்டது. காரணம் நல்ல சாப்பாடு, குறைந்த நோய், உடம்பில் போதிய கொழுப்பு. கோழி நாற்பது நாளில் கொழுப்பது ஓமோன் ஊசியால் இல்லை, இனத் தெரிவாலும் தீனியாலும். ஆனால் எட்டு வயதுக்கு முன்னரே மார்பு வளரத் தொடங்கினால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அது தலைமுறைக் கதைக்குள் அடங்காது.

"அந்தக் காலத்து ஆக்கள்" எங்கே போனார்கள்

பழஞ்சோற்று வாதத்துக்கு வருவோம். குரக்கனும் பழஞ்சோறும் தின்று தொண்ணூறு வயதிலும் வயலுக்குப் போகிற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரைக் காட்டித்தான் அந்தக் காலச் சாப்பாடு திறம் என்கிறோம். ஆனால் 1946இல் இலங்கையில் உயிரோடு பிறந்த 1000 பிள்ளைகளில் 141 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஏழு பிள்ளைகளுக்கு ஒன்று. இன்று அது பத்துக்கும் கீழே. அந்தத் தொண்ணூறு வயதுக்காரரோடு பிறந்தவர்களில் நம் முன்னால் நிற்பவர் அவர், மிச்சப் பேரின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. உயிர் தப்பியவர்களை மட்டும் பார்த்து ஒரு காலத்தை எடைபோடுவதைத் தப்பியோர் சார்பு என்கிறார்கள். குரக்கன் நல்ல தானியம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சாட்சியாக அந்தத் தாத்தாவைக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

நெடுக்கு ஆய்வுக்கும் இதே வியாதி வரும். ஆக்கள் இடையில் விட்டுப் போவார்கள், போகிறவர்கள் சும்மா போவதில்லை: நோயாளி, ஏழை, இடம்பெயர்ந்தவர் முதலில் போவார். எஞ்சி நிற்கிறவர் திடமானவர், ஆகவே படம் உண்மையை விட அழகாக வரும். ஷாயியின் ஆய்வுக்கும் இந்தக் குறை உண்டு. நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1972, 1973இல் பிறந்த 1037 பிள்ளைகளைத் தொடர்கிற ஆய்வில், 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94 வீதமானோர் வந்திருந்தார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் விமானச் சீட்டு அனுப்பிக் கூப்பிடுவதால்தான் அது நடக்கிறது. இதைக் கல்முனையில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். பிறந்த வீடு சுனாமியோடு போனது, குடும்பம் குடியேற்றத் திட்டத்து வீட்டுக்கு மாறியது, தாய் குவைத்தில், அண்ணன் சுவிசில், தொலைபேசி இலக்கம் நாலு தரம் மாறிவிட்டது. யாரை மிகவும் அறிய வேண்டுமோ அவரைத்தான் முதலில் தொலைப்போம்.

சிறு வயதில் கெட்டால் கெட்டதுதானா

பயமுறுத்துகிற செய்திகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டும். மூன்று நெடுக்கு ஆய்வுகளைச் சொல்கிறேன், மூன்றும் ஒரே பக்கம் இழுக்கவில்லை.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியப் படைகள் உணவை மறித்தன, பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது வயிற்றில் கடைசி மாதங்களில் இருந்த பிள்ளைகள் நிறை குறைந்து பிறந்தார்கள். முதல் மாதங்களில் இருந்தவர்கள் நல்ல நிறையோடுதான் பிறந்தார்கள், ஆனால் நடு வயதில் இதய நோயும் உடற்பருமனும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. பிறந்த நாளில் தராசு காட்டாததை ஐம்பது வருசம் கழித்து உடம்பு காட்டியது.

யமேக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் தொடங்கிய ஆய்வு எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. உயரம் குன்றிய, 9 முதல் 24 மாதம் வரையான 129 பிள்ளைகள். ஒரு பகுதிக்குப் பால்மா, ஒரு பகுதிக்கு வாரம் ஒரு மணித்தியாலம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்த் தாயோடும் பிள்ளையோடும் விளையாடுவது, ஒரு பகுதிக்கு இரண்டும், ஒரு பகுதிக்கு எதுவும் இல்லை. இரண்டு வருசம் நடந்தது. பால்மாவால் வந்த நன்மை பிறகு மங்கிப்போனது. விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகள் இருபது வருசம் கழித்து, அது கிடைக்காதவர்களை விட 25 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். விளையாட்டுப் பொருள்கள் கடையில் வாங்கியவை இல்லை, வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்தவை. இதை வாசிக்கிறபோது, கிளினிக்கில் நிறையைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியையாவது பிள்ளையோடு கதைப்பது பற்றிப் பேசக் கூடாதா என்று தோன்றும். குடும்பநல உத்தியோகத்தர்களைக் குறை சொல்ல முடியாது, வரிசை வாசல் வரை நிற்கும்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை உளவியலாளர் எமி வேர்னர் நாற்பது வயது வரை தொடர்ந்தார். வறுமை, குடிகாரத் தகப்பன், பிரசவச் சிக்கல் என்று ஒன்றோடொன்று சேர்ந்த ஆபத்துக்குள் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பொதுவாக இருந்தது, தாய் தகப்பன் இல்லாவிட்டாலும் விடாமல் பிடித்துக்கொண்ட யாரோ ஒரு பெரியவர்: பாட்டி, ஆசிரியை, பக்கத்து வீட்டுக்காரர். சுனாமிப் பிள்ளைகள், யுத்தப் பிள்ளைகள் என்று ஒரு தலைமுறைக்கே முத்திரை குத்துகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது இந்த மூன்றில் ஒரு பங்கையும் நினைக்க வேண்டும், பதின்ம வயதுக்குள் பெரிய சிக்கல்களில் விழுந்த மற்ற இரண்டு பங்கையும் மறக்கக் கூடாது.

பருவ அட்டவணைகள்

டிப்ளோமா படிக்கிறவர்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் மனித விருத்தியைப் பருவங்களாகப் பிரித்த உளவியலாளர்கள் இருவரின் அட்டவணைகளை, எரிக்சனின் எட்டுப் பருவங்களையும் பியாஜேயின் நாலு பருவங்களையும், பாடமாக்கி எழுதுகிறார்கள். பாடமாக்கலாம், ஆனால் அவை எப்படி வந்தன என்று ஒரு வரியாவது சேர்த்துப் படித்தால் நல்லது. பியாஜே குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சொன்னதில் பெரும் பகுதி தன் சொந்தப் பிள்ளைகள் மூவரை உற்றுப் பார்த்துக் குறித்தது. எரிக்சன் 1950இல் எட்டுப் பருவங்களை முன்வைத்தபோது, பதின்ம வயது என்பது "நான் யார்" என்று தேடித் திரிய அவகாசம் கிடைக்கிற வயது என்று எடுத்துக்கொண்டார். 1990இல் தகப்பனை இழந்து பதினாலு வயதில் வீட்டைச் சுமந்த மூத்த மகளுக்கு அந்த அவகாசம் யார் கொடுத்தது? அவள் பருவம் தவறியவள் என்று சொல்வதை விட, அட்டவணை வேறு ஊரில் வரைந்தது என்று சொல்வதே சரி.

வீட்டு நிலையில் ஒரு நெடுக்கு ஆய்வு

2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், அதற்குப் பிறகு கூடிக்கொண்டேதான் போகிறது. ஆனால் ஐந்து வயதுக்குப் பிறகு கிளினிக் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும், அதோடு அளவும் நின்றுவிடும். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைச் சரியாகச் செய்தால் மொன்பெய்யார் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் நிலையில் பட, பார்வை நேராக, தலையில் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்துக் கோடு. எப்போதும் காலையிலேயே அளவுங்கள், பொழுதுபடும்போது எல்லோரும் ஒரு சென்ரிமீற்றர் போலக் குறைந்திருப்போம்.

பிள்ளைகளோடு நிறுத்திவிடாமல் அதே நிலையில் அம்மம்மாவையும் நிற்கச் சொல்லுங்கள். இளமையில் இருந்த உயரத்தை விட நாலு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். வலி இல்லாமலும் அது நடக்கும். இளமையில் எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது, யாரும் அளந்திருக்க மாட்டார்கள், ஆகவே இன்றைய கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோடு போடுவதற்கு முன் கொண்டையை அவிழ்க்கச் சொல்ல மறக்காதீர்கள்.